இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுருவோம்

அக்காவுடன் எங்காவது போவதென்றால் கொஞ்சம் முன்னதாகவே கிளம்ப வேண்டும். தூரம் காரணமில்லை. அக்கா வழி கேட்பார். மாட்டுத்தாவணியில் இறங்கி, மேலூர் பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு பூக்காரம்மாவிடம் கேட்பார். அந்த அம்மா கையை நீட்டிக் காட்டுவார். அக்கா தலையாட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி டீ குடித்துக்கொண்டிருக்கும் டிரைவரிடம் அதையே மறுபடி கேட்பார். பூக்காரம்மா பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

“அதான் அந்தம்மா சொல்லிட்டாங்கள்லக்கா.”

“சொன்னாங்க. இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுருவோம். கேக்குறதுல என்ன.”

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல; தல்லாகுளத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அக்கா உள்ளே ரத்தம் எடுப்பார். நான் பெயர் ஒட்டி அனுப்பிய குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் மறுபடி பெயர் கேட்பார். கூட வந்தவரிடமும் கேட்பார். இப்போதுதானே வெளியே சொன்னோம் என்று சிலர் எரிந்து விழுவார்கள். அக்காவோ பெயர் வரும்வரை ஊசி உறையைப் பிரிக்காமல் நிற்பார்.

ஒரு தடவை கல்லூரியில் படிக்கிற வயதில் ஒரு பெண் வந்தாள். கூட ஒரு தோழி. அந்தப் பெண் ஒரு பெயர் சொன்னாள். தோழியிடம் கேட்டபோது அவள் வாய்தவறி வேறு பெயரைச் சொல்லிவிட்டாள். இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துப்போனது. அக்கா கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்தார். பிறகு முதலில் சொன்ன பெயரையே வைத்துக்கொண்டு ரத்தம் எடுத்தார். அவர்கள் போன பிறகு நான் உள்ளே போய்க் கேட்டேன்.

“பேரு மாத்திச் சொல்லியிருக்காக்கா. அப்படியே விட்டுட்டீங்க?”

“என்ன டெஸ்டுன்னு பாத்தீல்ல. அவ பயந்துபோய் வந்திருக்கா. ரத்தம் அவளோடதுதான, அது போதும் நமக்கு.”

இந்தக் குணத்தால் எனக்கு அவர்மேல் கோபம் வந்த காலமும் உண்டு. எனக்குத் திருநகரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பேசி முடித்தாயிற்று, தாம்பூலம் மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அந்த வாரத்தில் அக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு, மாப்பிள்ளை வேலை பார்க்கிற டிராக்டர் கம்பெனிக்கே போய் வாட்ச்மேனிடம் விசாரித்திருக்கிறார். அது போதாதென்று அவர் குடியிருக்கிற தெருவில் இஸ்திரி போடுகிறவரிடமும் கேட்டிருக்கிறார். விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டு வைத்துக் கத்தினார். நான் அக்காவுடன் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் ஒண்ணுபோலத்தான் சொன்னாங்க. நல்ல பையன்தான்” என்றார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்த இஸ்திரிக்காரரைப் பார்த்தால் சிரிப்பார்.

அக்கா குடும்பம் சௌராஷ்டிரக் குடும்பம். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு. ஒரே மகள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் வீட்டுக்காரர் பாய்லர் மெக்கானிக். இங்கே அவர் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு நைஜீரியாவுக்குப் போனார். அங்கே நைஜர் ஆற்றங்கரையில் ஒரு சின்ன மாவட்டம், அதில் ஒரு அரிசி ஆலை. மத்தியான இடைவேளையில் அவரிடமிருந்து போன் வரும். அக்கா ஜன்னல் ஓரமாகப் போய் நின்று அவர்கள் மொழியில் பேசுவார். எனக்கு அதில் ஊர்ப் பெயர்கள் மட்டும்தான் புரியும். லாகோஸ், இலோரின், அபுஜா. பேசி முடித்ததும் அக்காவே எனக்குத் தமிழில் சொல்வார்.

“அங்க பஸ்சுக்கெல்லாம் டைமே கெடையாதாம். காரு நெறையணும், அப்பத்தான் கெளப்புவானாம். முன்னாடி ரெண்டு பேரு, பின்னாடி நாலு பேரு. மழை வந்தா அதுவும் கெடையாது. பாலத்துக்கு மேல தண்ணி போகுமாம். அப்ப படகுதான்.”

“படகுலயா போறாரு?”

“வேற என்ன பண்ணுவாரு. ஆத்துக்கு அங்கிட்டுத்தான் ஆஸ்பத்திரி, பேங்கு எல்லாம்.”

அவர் இறந்த செய்தி ஒரு மழைக்காலத்தில் வந்தது. நாங்கள் வேலையில் இருந்தோம். ஆலையின் மேனேஜர் இங்கிலீஷில் பேசினார். மலேரியாக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் காப்பாற்ற முடியவில்லை என்றார். அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் பேச்சு முடிந்த பிறகும் வைக்கவில்லை. நான்தான் கையிலிருந்து வாங்கினேன்.

சாயங்காலம் தெப்பக்குளத்து வீட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அப்போது இன்னொரு போன் வந்தது. அதே ஆலையில் வேலை செய்கிற ராஜபாளையத்துக்காரர் ஒருவர். அழுதுகொண்டே பேசினார். “அக்கரைக்குக் கொண்டு போறப்ப படகு பாதியில நின்னு போச்சுக்கா. இல்லாட்டிப் பொழச்சிருப்பாரு” என்றார்.

அழுகைச் சத்தத்துக்கு நடுவே இதை அக்கா ஒருவர்தான் கேட்டார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். “அவரு ஆஸ்பத்திரிங்குறாரு. இவரு படகுங்குறாரு.”

உடல் மூன்று விமானம் மாறி, ஆணியடித்த பெட்டியில் வந்தது. திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தத்தனேரி மயானத்தில் எல்லாம் முடிந்தது. காரியம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினார். முன்போலவே பெயர் கேட்டார், ரத்தம் எடுத்தார். ஆனால் ஒரு நாள் டீ குடிக்கும்போது, “அந்த ஊருக்கு எப்படிப் போறதுன்னு பாக்கணும்” என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுகூட நினைக்கவில்லை. அவர் விளையாட்டாகப் பேசுகிறவர் அல்ல.

வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. வீட்டுக்காரரின் அண்ணன் நேராக வேலை இடத்துக்கே வந்துவிட்டார். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, வாசலில் நின்று பேசினார்.

“ஆளே போயாச்சு. காரியமும் பண்ணியாச்சு. அங்க போயி யாரைப் பாக்கப் போற?”

“யாரையும் பாக்கல. எப்படிப் போனாருன்னு கேட்டுட்டு வாரேன்.”

“அதான் மேனேஜரு சொன்னாரே.”

“ஒரு ஆளு சொன்னாரு.”

அவர் என்னைப் பார்த்தார், நீயாவது எடுத்துச் சொல்லக்கூடாதா என்பதுபோல. நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு வழி விசாரிப்பது தொடங்கியது. அந்தச் சிறிய மாவட்டத்துக்குப் போக ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி சொன்னார்கள். தல்லாகுளத்தில் டிக்கெட் போடும் கடைக்காரர், லாகோஸ் வரை தான் டிக்கெட் போட்டுத் தருவதாகவும், அதற்கு மேல் உள்ளூர் விமானம் பிடித்து இலோரின் போகலாம் என்றும் சொன்னார். இலோரினிலிருந்து என்று அக்கா கேட்டபோது, அங்கே இறங்கி டாக்ஸி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சாதாரணமாகச் சொன்னார், உள்ளூரில் காளவாசலில் இறங்கச் சொல்வதுபோல. ராஜபாளையத்துக்காரர் போனில் வேறு சொன்னார். அபுஜாவுக்கு வாங்க, அங்கிருந்து காரில் ஆற்றின் வடகரைக்கு வந்து படகில் ஏறினால் ஆலைக்குப் பக்கத்திலேயே இறங்கலாம் என்றார். திருமங்கலத்தில் நைஜீரியாவில் இருந்து திரும்பியவர் ஒருவர் இருந்தார். அவரையும் போய்ப் பார்த்தோம். லாகோஸில் இருந்து சாலை வழியாகப் போகவே கூடாது, வண்டியை மறித்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், எப்படிப் போனாலும் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள் என்றார்.

மதுரையில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர் ஒருவரையும் அக்கா தேடிப் பிடித்துவிட்டார். ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்தான். ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டே மாவட்டத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டார். அவர் யோசித்துவிட்டு, கேள்விப்பட்டதே இல்லை என்றார். தன் ஊர் கடலோரம் என்றும், கன்னியாகுமரிக்காரரிடம் அஸ்ஸாமில் ஒரு கிராமத்துக்கு வழி கேட்பதுபோல இது என்றும் சிரித்தார். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். அக்கா சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். “கார் நிற்கும் இடத்தில் ஆண்கள் பிடித்து இழுப்பார்கள். யாருடனும் போகாதீர்கள். வயதான பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கும் காரைப் பார்த்து ஏறுங்கள்” என்றார். போகும்போது அக்காவை வணங்கிவிட்டுப் போனார்.

வெயில் காலத்தில்தான் பாலம் திறந்திருக்கும் என்பதால் மழை விடும்வரை அக்கா காத்திருந்தார். அங்கே போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும். அதற்குத் தூத்துக்குடி போக வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன். பஸ் எட்டயபுரம் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“எப்படிச் செத்தாருன்னு தெரிஞ்சு என்னக்கா ஆகப் போகுது?”

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன்.

“ஒண்ணும் ஆகாது. ஆனா கண்ணை மூடுனா எனக்கு ரெண்டு எடம் தெரியுது. ஒண்ணுல கட்டில்ல படுத்திருக்காரு. இன்னொண்ணுல தண்ணிக்கு நடுவுல இருக்காரு. ரெண்டு பேருக்கும் நான் அழ முடியல.”

தூத்துக்குடியில் ஊசி போட்ட இடத்தை அவரே அழுத்திப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் ஊசி போட்ட விதம் பரவாயில்லை என்றார்.

தை பிறப்பதற்கு முன்பு கிளம்பினார். சுடிதார் போட்டு அக்காவை நான் பார்த்தது அன்றுதான். மகள் ஏர்போர்ட்டில் அழுதாள். அக்கா அவளுடைய தலைமுடியை ஒதுக்கிவிட்டு, “போன் எடுக்கலைன்னா பயப்படாத. சிக்னல் இருக்காது, அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு போலீஸ்காரரிடம் ஏதோ கேட்பது தெரிந்தது. பிறகு துடைப்பத்தோடு நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டார்.

போக மட்டும் ஒரு வழி, திரும்ப வேறு வழி என்று முடிவு செய்திருந்தார். போகும்போது லாகோஸ், அங்கிருந்து சின்ன விமானத்தில் இலோரின், அதன்பின் கார். திரும்பும்போது, வீட்டுக்காரரைக் கொண்டுபோன அதே படகு வழி.

அந்தப் பயணத்தைப் பற்றி அவர் என்னிடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். இலோரினில் கார் நிற்கும் இடத்தில் ஒருவரிடம் கேட்டால் தன் காரைக் காட்டினாராம். அடுத்தவரிடம் கேட்டால் அவரும் தன் காரையே காட்டினாராம். ஒரு கிழவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த காரில் போய் ஏறியிருக்கிறார். கார் நிறைய மத்தியானம் ஆகிவிட்டது. பாலைவனப் பக்கமிருந்து வரும் புழுதிக் காற்றில் சூரியனே தெரியவில்லையாம். வழியெல்லாம் தடுப்புக் கட்டையைப் போட்டு நிறுத்தி உள்ளே குனிந்து பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கிழவி அக்காவின் மடியில் குழந்தையைத் தூக்கி வைத்துவிடுவாராம். குழந்தையோடு இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் கார் போகாத மண்பாதையில் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார். இங்கே தெப்பக்குளத்திலிருந்து தல்லாகுளத்துக்கு வரவே ஸ்கூட்டரின் பின்னால் உட்காரப் பயப்படுகிறவர்.

ஆலையில் அவரை நன்றாக நடத்தியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் தங்கியிருந்த அறையில் இப்போது வேறு ஒருவர் இருந்தார். அவர் வேலை செய்த பாய்லரைக் காட்டினார்கள். மேனேஜரிடம் அக்கா மறுபடி கேட்டார். மேனேஜர் பொய் சொல்லவில்லை. அக்கரை ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துத்தான் இறந்துவிட்டார் என்று சொன்னாராம். அதைத்தான் தானும் சொன்னதாகச் சொன்னார். அங்கே போய்ச் சேரும்போது உயிர் இருந்ததா என்று அக்கா கேட்டார். தான் படகில் போகவில்லை என்றார் மேனேஜர்.

அக்கா திரும்பி வந்து வீட்டில் சொன்னது இவ்வளவுதான். “காய்ச்சல் முத்திப்போயி, ஆஸ்பத்திரிக்குப் போற வழியில படகுல போயிட்டாரு. பக்கத்துல ஆள் இருந்தாங்க.” வீட்டுக்காரரின் அண்ணன் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார் என்று மகள் சொன்னாள். என்னிடமும் அக்கா அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் துருவவில்லை.

சில வருடம் கழித்து மகள் கல்யாணமாகி ஓசூரில் குடித்தனம் வைத்தாள். அக்காவைக் கூடவே கூட்டிக்கொண்டு போவதாக முடிவானது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். வீடு முழுக்கச் சாமான் கட்டிக் கிடந்ததால் இருவரும் தெப்பக்குளத்துச் சுற்றுச்சுவரில் போய் உட்கார்ந்தோம். குளத்தில் தண்ணீர் நிறைய இருந்தது. மைய மண்டபத்துக்குப் படகில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தார்கள். அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

ராஜபாளையத்துக்காரரும் அன்றைக்குப் படகில் போகவில்லை, கேள்விப்பட்டதைத்தான் சொல்லியிருந்தார்; ஆனால் அந்தப் படகில் இருந்தவர்களில் ஒரு பெண்ணை விசாரித்துக் கண்டுபிடித்திருந்தார். மீன் வியாபாரி. புகையில் வாட்டிய மீனைக் கூடையில் அடுக்கிச் சந்தை நாளில் அக்கரைக்குக் கொண்டுபோகிறவர். அக்கா அங்கிருந்து கிளம்பிய நாளும் ஒரு சந்தை நாள்தான்; அந்த அம்மாவும் அதே படகில் ஏறினார். ராஜபாளையத்துக்காரருக்கு வேலை இருந்ததால் கரையோடு நின்றுகொண்டார். ஆலைத் தொழிலாளி ஒருவர் துணைக்கு வந்தார். மீன்கார அம்மா பேசியதை அவர்தான் ஆங்கிலத்தில் சொன்னார்.

“நடு ஆத்துக்கு வந்ததும் அந்தம்மா கையக் காட்டுனாங்க. இங்கதான்னு. எஞ்சின் நின்னு போயி, தண்ணி இழுத்துக்கிட்டுப் போயி, ஆகாயத்தாமரைக்குள்ள படகு சிக்கிக்கிருச்சாம். ஆம்பளைங்க எல்லாம் கம்ப வச்சுத் தள்ளிக்கிட்டு இருந்திருக்காங்க. வெயிலு. இந்தம்மா இவரு தலையத் தூக்கித் தன் மடியில வச்சுக்கிட்டு, மேல கட்டியிருந்த துணிய அவுத்து நெழலுக்குப் பிடிச்சிருக்காங்க. யாருன்னே தெரியாத மனுசன். எம்புட்டு நேரம் பிடிச்சிருப்பாங்கன்னு நெனைக்க.”

நான் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

“இவரு ஒரே வார்த்தையத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டே இருந்தாராம். இவங்களுக்கு எப்படிப் புரியும். யாரையோ கூப்புடுறாருன்னு நெனைச்சிருக்காங்க. ‘வருவா, வந்துருவா’ன்னு இவங்க பாஷையில சொல்லிச் சொல்லித் தட்டிக் கொடுத்திருக்காங்க. அப்புறம் சத்தம் நின்னு போச்சாம். அந்த வார்த்தைய இன்னும் மறக்காம வச்சிருந்து எங்கிட்டச் சொல்லிக் காமிச்சாங்க. பானி, பானின்னு.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “எங்க வீட்டுல தண்ணிய அப்படித்தான் சொல்லுவோம்.”

குளத்தில் ஒரு படகு மண்டபத்தை ஒட்டிப் போய் நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

“அந்தம்மா காலுக்குப் பக்கத்துல, மீன் கூடைய ஒட்டி, ஒரு மூட்டை தண்ணி பாக்கெட்டு இருந்துச்சு. சந்தைக்குப் போறப்ப அதுவும் விப்பாங்களாம். அன்னைக்கும் இருந்திருக்கும். நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். கூட வந்தவரு கேக்குறாரு, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு இவங்க இம்புட்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்காங்க, அது உங்க பேரான்னு.”

“நீங்க என்னக்கா சொன்னீங்க?”

“ஆமா, எம்பேருதான்னு சொன்னேன்.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தம்மா முகத்துல அப்படி ஒரு நிம்மதி. எங் கையப் பிடிச்சுக்கிட்டுக் கரை வர்ற வரைக்கும் விடல. அங்க அபுஜா போற காரு நின்னுச்சு. நான் ஏறி உக்காந்துட்டேன். அந்தம்மா கூடையத் தலையில வச்சுக்கிட்டுக் கரை மேட்டுல நின்னு கைய ஆட்டி, பானி, பானின்னு கூப்புட்டாங்க. காரு நெறையிற வரைக்கும் நின்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தாங்க. நானும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்தேன்.”